மூன்று மஞ்சள் கடவைகளும் ஒரு முணுமுணுப்பும்

1

எங்கள் வீட்டு வாசற்கதவின் உட்பக்கத்தில், ஆறு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் ஆணி இருக்கிறது. பதினொரு மாதம் அதில் ஒரு செம்மஞ்சள் முக்கோணப் பட்டி தொங்கியது. கழுத்தில் மாட்டிக்கொண்டால் வாகன வெளிச்சத்தில் பளிச்சென்று மின்னும். இங்கே சுவிற்சர்லாந்தில், எங்கள் ஊரில், பாலர் வகுப்புப் பிள்ளைகள் அதை அணிந்துதான் வீதியில் இறங்குவார்கள். ஜூலை முதல் வாரத்தில் மகள் ஹிபா அதைக் கழற்றிவிட்டாள். வருகிற திங்கட்கிழமை அவள் முதலாம் வகுப்பு.

இன்று ஓகஸ்ட் மாதத்தின் இரண்டாம் வியாழக்கிழமை. சென்ற வருடம் இதே வியாழக்கிழமைதான் அந்தக் கடிதம் வந்தது. நாள் குறித்து வைப்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே உள்ள பழக்கம். இலங்கையின் கிழக்கே கல்முனைக்குடியில் இருந்த காலத்தில் மாரி மழை எந்தக் கிழமை தொடங்கியது, கரண்ட் எத்தனை மணிக்கு நின்று எத்தனை மணிக்கு வந்தது என்றெல்லாம் கொப்பியில் எழுதி, என் மூத்த சகோதரி நஜீபா ராத்தாவிடம் ஏச்சு வாங்கியவன் நான். அதனால் ஹிபாவின் இரண்டு பாலர் வகுப்பு வருடங்களுக்கும் என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது. அதில் ஐந்து நிரல்கள்: நாள், புறப்பட்ட நேரம், போய்ச் சேர்ந்த நேரம், காலநிலை, யாருடன்.

கடிதம் பாலர் பாடசாலையிலிருந்து வந்தது. சாரம் இதுதான்: உங்கள் பிள்ளை இரண்டாம் ஆண்டுக்கு வருகிறாள், இனி அவள் தனியாக நடந்து வருவது நல்லது, பாடசாலைக்குப் போகும் வழி பிள்ளைக்குச் சொந்தமானது, தயவுசெய்து அதைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். கூடவே ஒரு படிவம். வீட்டிலிருந்து பாடசாலை வரையிலான வழியைப் பெற்றோர் கையால் வரைந்து, ஆபத்தான இடங்களைக் குறித்து, ஒப்பமிட்டு அனுப்ப வேண்டும்.

இந்த நாட்டில் இதுவரை எத்தனையோ படிவம் நிரப்பிவிட்டேன். வதிவிட அனுமதிக்கு, வீட்டுக்கு, பல் வைத்தியருக்கு, குப்பைக்கு. இந்தப் படிவத்தில்தான் தடுமாறினேன். பென்சிலால் வரைந்து, அளவுகோல் வைத்துத் திருத்தி, மீண்டும் வரைந்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு அடிகள், என் கால் கணக்கில். வீதியைக் கடக்க மூன்று மஞ்சள் கடவைகள். முதலாவது எங்கள் கட்டடத்துக்கு முன்னால், இரண்டாவது பேக்கரிக்கு அருகில், மூன்றாவது பாடசாலை வாசலில்.

"ஆபத்தான இடம்" என்ற கட்டத்தில் மூன்றையும் குறித்தேன். மனைவி பர்ஸானா எட்டிப் பார்த்தாள்.

"முழு றோட்டையும் குறிச்சிருக்கலாமே," என்றாள்.

2

எங்களூர் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கடினம். நம்மிடத்தில் ஐந்தாறு வயதுப் பிள்ளை ஒழுங்கைக்குள் இறங்கினாலே தனியாக இருப்பதில்லை. பெற்றோர் வீட்டுக்குள் இருக்கலாம். ஆனால் ஒழுங்கை முழுக்கக் கண்கள். கிணற்றடியில் ஒருத்தி, மதிலுக்கு மேலால் ஒருத்தி, சைக்கிளில் போகிற, நாங்கள் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் ஒருவர். மண்ணை வாயில் போட்டால், அடுத்த வீட்டுக் கொய்யாவில் கை வைத்தால், உடனே ஒரு குரல் வரும்.

"டேய், நீ ஆர்ட மகன்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. கேட்டதுமே கை தானாகக் கீழே வந்துவிடும். என்னுடைய கட்டுப்பாடெல்லாம் அந்த ஒழுங்கையின் தொண்டையில்தான் இருந்தது. பத்து வயது வரை எனக்குள் எதுவும் இருந்ததாக நினைவில்லை.

இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். வீதி சுத்தம், அமைதி. அந்த அமைதிக்குள் என் மகளைத் தனியே இறக்கிவிட வேண்டும். அவளைத் தடுக்கவும், போகச் சொல்லவும், நிற்கச் சொல்லவும் வெளியே ஒருவரும் இல்லை. எல்லாம் அவளுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். ஐந்தரை வயதில் அது இருக்குமா? எனக்கிருந்த பயம் அதுதான். வாகனத்தைப் பற்றிய பயம் அதற்குப் பிறகுதான்.

அதற்கு முந்தைய வருடம் முழுக்க நான்தான் கைபிடித்துக் கூட்டிப் போனேன். பர்ஸானா முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை, விடியவே போய்விடுவாள். எனக்குப் பொதிகள் பிரிக்கும் நிலையத்தில் பின்னேர வேலை. ஆகவே காலை என்னுடையது. கொப்பியில் முதல் வருடம் முழுவதும் "யாருடன்" என்ற நிரலில் ஒரே பதில்: என்னோடு.

3

ஓகஸ்ட் கடைசியில் ஒரு நாள், சீருடையணிந்த பொலிஸ்காரர் ஒருவர் பாலர் வகுப்புக்கு வந்து பிள்ளைகளை வீதிக்கு அழைத்துப் போனார். கடவையில் நில், பார், கேள், பிறகு போ. வாகனத்தின் சில்லு முழுதாக நின்ற பிறகுதான் காலை வைக்க வேண்டும். சாரதி கையைக் காட்டினாலும் நம்பாதே, சில்லைப் பார். ஹிபா வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடந்து எங்களுக்கு இதைப் படிப்பித்தாள், சுவிஸ் ஜெர்மனில்.

சுவிஸ் ஜெர்மனில் என்பதை ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன். அப்போது வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். "சாப்பிட்டயா மகள்?" என்றால் தலையை மட்டும் ஆட்டுவாள். தமிழை ஏதோ எங்கள் இருவருக்கும் உள்ள நோய் போல, பொறுமையாகச் சகித்துக்கொண்டாள்.

செப்டெம்பர் முதல் திங்கள். முக்கோணத்தை மாட்டிக்கொண்டு, தனியே என்று ஜெர்மனில் சொல்லி எனக்கு விரலை உயர்த்திக் காட்டிவிட்டு இறங்கினாள். எட்டு மணி இரண்டு நிமிடம். நான் எட்டு மணி மூன்று நிமிடத்துக்கு இறங்கினேன். இருபது அடி பின்னால், மரவேலி ஓரமாக நடந்து, போத்தல் போடும் பெரிய தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

மூன்றாம் நாள், நாயோடு வந்த ஒரு பெண்மணி என்னருகே நின்றார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். தாடி வைத்த ஒருவன் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்து ஒரு சிறுமியைப் பார்க்கிறான், கேட்கத்தானே வேண்டும். பதற்றத்தில் எனக்குத் தெரிந்த மிகத் திருத்தமான ஜெர்மன் வசனம் வாயில் வந்தது:

"நான் அந்தச் சிறுமியைப் பின்தொடர்கிறேன்."

அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் சொன்னது விளங்கியது. "என் மகள்! என் மகள்!" என்று நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன். நாய்கூட என்னை நம்பவில்லை.

பின்னேரம் பர்ஸானாவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

"நீங்க அங்க ஒளிச்சி நிண்டா, அவ றோட்டப் பார்க்கிறல்ல. உங்களத்தான் பார்க்கிற."

"அவ என்னக் காணல்ல."

"ஓம். ஊரே கண்டிட்டு, அவ மட்டும் காணல்ல!"

ஆனால் தொட்டிக்குப் பின்னால் நின்ற அந்த மூன்றாம் நாள்தான் நான் அதைக் கேட்டேன். பேக்கரிக் கடவை. ஹிபா விளிம்பில் நின்றாள். அவள் வாய் அசைந்தது. சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"நில்லு மகள். இஞ்சால பாரு. அங்கால பாரு. மறுகா இஞ்சால. வீல் நிண்டிட்டா? ஓம். இப்ப வா."

தமிழ். அதுவும் என் தமிழ். ஒரு வருடம் கைபிடித்துக் கூட்டிப் போகும்போது ஒவ்வொரு நாளும் நான் சொன்னதை, நான் சொன்ன இழுவையோடு, தனக்குத்தானே சொன்னாள். தன்னையே "மகள்" என்று கூப்பிட்டாள். "இப்ப வா" என்று தன்னைக் கூப்பிட்டுக்கொண்டு கடந்து போனாள்.

அன்றைய பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: எட்டு ஒன்பதுக்குப் பேக்கரிக் கடவை. வெயில். யாருடன்: தனியே. அடுத்த வரியில் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன். அன்று என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

ஒக்டோபர் நடுவில் பின்தொடர்வதை விட்டேன்.

4

நவம்பரில் வகுப்பாசிரியை எங்களைப் பேச அழைத்தார். பர்ஸானாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் போனேன். எங்களூரில் ஆசிரியர் ஒருவர் வாப்பாவைப் பாடசாலைக்கு வரச் சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான்: பிள்ளை ஏதோ குற்றம் செய்துவிட்டது. இங்கே வருடத்துக்கு ஒரு முறை எல்லாப் பெற்றோரையும் அழைப்பார்கள். அது எனக்கும் தெரியும். தெரிந்தும், சின்னக் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தபோது, குற்றப்பத்திரிகை வாசிப்பதைக் கேட்பவன் போலத்தான் இருந்தேன்.

ஆசிரியை இரண்டு விடயம் சொன்னார். ஒன்று, மார்ச் மாதத்தில் ஹிபா முதலாம் வகுப்புக்குப் போவதா, பாலர் வகுப்பில் இன்னொரு வருடம் இருப்பதா என்று சேர்ந்து முடிவு செய்வோம். மற்றது, ஹிபா வேலை செய்யும்போது தனக்குத்தானே சத்தமாகப் பேசிக்கொள்கிறாள்.

இரண்டு வசனமும் நன்றாக விளங்கின. நான்தான் இரண்டையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டேன். பேசுவதை நிறுத்தாவிட்டால் முதலாம் வகுப்பு இல்லை. என் தலையில் இப்படித்தான் பதிந்தது. அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நம்மூரில் குற்றச்சாட்டுக்கு எதிர்க்கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு. எழும்பி நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மகளை மடியில் இருத்தினேன்.

"மகள், இனி உனக்குள்ள உனக்குள்ள கதைக்கிறல்ல. சரியா? வாய மூடிட்டு வேலையச் செய். ஆக்கள் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"என்ன நினைப்பாங்க?" என்று கேட்டாள். அபூர்வமாக, தமிழில்.

"பெரிய வகுப்புப் புள்ளையள் அப்பிடிக் கதைக்க மாட்டாங்க."

அவள் இரண்டு உதடுகளையும் உள்ளே மடித்து, பல்லால் பிடித்துக் காட்டினாள். இப்படியா என்பது போல. நான் தலையில் கொஞ்சினேன். அந்த நாளையும் கொப்பியில் குறித்திருக்கிறேன், ஒரு நல்ல காரியம் செய்தவனைப் போல.

5

ஆறு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை. பனிப்புகார். எட்டு மணி ஒரு நிமிடத்துக்குப் புறப்பட்டாள். எட்டு முப்பத்தைந்துக்குத் தொலைபேசி அடித்தது. ஆசிரியை. ஹிபா இன்னும் வரவில்லை, வீட்டில் சுகமில்லாமல் இருக்கிறாளா?

எந்தச் செருப்பைப் போட்டேன் என்று தெரியாது. முதலாவது கடவையில் யாருமில்லை. மரவேலி, வளைவு, தொட்டி. அந்த வளைவுக்கும் பேக்கரிக்கும் இடையில் எத்தனை அடி என்பது எனக்கு மனப்பாடம். அன்று அது முடியவேயில்லை.

அவள் பேக்கரிக் கடவையின் விளிம்பில் நின்றாள். முக்கோணம் பனிப்புகாருக்குள் மின்னியது. உதடுகளை உள்ளே மடித்துப் பல்லால் இறுகப் பிடித்திருந்தாள். ஒரு கார் வந்து முழுதாக நின்றது. சில்லு அசையவில்லை. சாரதி காத்திருந்தார். அவள் அசையவில்லை. கார் போனது. அடுத்தது வந்து நின்றது. போனது. எவ்வளவு நேரம் இப்படியென்று எனக்குத் தெரியாது. கணக்குப் பார்த்தால் இருபத்தைந்து நிமிடத்துக்குக் குறையாது.

ஓடிப்போய்க் குந்தினேன். முகம் பனியாய்க் குளிர்ந்திருந்தது.

"என்ன மகள்? ஏன் போகல்ல? கார் எல்லாம் நிண்டதே!"

உதட்டை விடுவித்தாள். பல் பதிந்த அடையாளம் சிவப்பாக இருந்தது.

"வாய மூடினா அடுத்தது என்னெண்டு எனக்குத் தெரியா வாப்பா."

அந்த அடையாளத்தை விரலால் தடவினேன். அவள் கேட்டாள்:

"இப்ப திறக்கலாமா?"

திற என்றேன். அவள் வீதிப் பக்கம் திரும்பினாள். நான் கையை நீட்டினேன், அவள் பிடிக்கவில்லை. "நில்லு மகள்" என்று தொடங்கி, "இப்ப வா" என்று முடித்து, மறுபக்கம் போய்ச் சேர்ந்தாள். நான் இந்தப் பக்கம் வீட்டுச் செருப்போடு குந்தியபடியே இருந்தேன்.

6

அடுத்த வாரம் பர்ஸானாவையும் கூட்டிக்கொண்டு ஆசிரியையிடம் போனேன். நடந்ததைச் சொன்னோம். ஆசிரியை நெற்றியில் கை வைத்தார்.

"நான் அதைக் குறையாகச் சொல்லவில்லையே! அவள் தன்னைத்தான் வழிநடத்துகிறாள். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன்."

வெளியே வந்ததும் பர்ஸானா என் பக்கம் திரும்பினாள்.

"ஒரு கேள்வி கேக்க ஏலாம போச்சா உங்களுக்கு? புத்தகம் புத்தகமா வாசிக்கிற மனிசன்!"

அது உறைத்தது. நகர நூலகத்தில் பிள்ளை வளர்ச்சி பற்றிய அலமாரி இரண்டாம் மாடியில் இருக்கிறது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு டிசெம்பர் முழுவதும் அங்கே கிடந்தேன். வாசித்ததை என் சொல்லில் சொல்கிறேன். பிள்ளையை முதலில் நடத்துவது மற்றவர்களின் குரல். பிறகு அந்தக் குரலைப் பிள்ளை கடன் வாங்கித் தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறது. சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து முணுமுணுப்பாகி, உதட்டசைவாகி, ஒரு நாள் உள்ளே போய்விடுகிறது. நாம் பெரியவர்கள் யோசனை என்று சொல்வதில் பாதி அதுதான். நடுப்படியில் நிற்கிற பிள்ளையின் வாயை மூடினால், ஏணியின் நடுப்படியைக் கழற்றியது போல.

வாசித்துக்கொண்டிருந்தபோது, என் வாயே அசைவதைக் கவனித்தேன். கடினமான ஜெர்மன் வசனங்களை நான் தமிழில் முணுமுணுத்துக்கொண்டுதான் கடந்துகொண்டிருந்தேன். எதிரே இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். தொடர்ந்து முணுமுணுத்தேன்.

அப்போதுதான் கடைக்குப் போன காலம் ஞாபகம் வந்தது. நம்மூரில் எழுதத் தெரியாத வயதிலேயே பிள்ளையைக் கடைக்கு அனுப்புவார்கள். கையில் துண்டு இராது. சாமான் எல்லாம் நாக்கில்தான். உம்மா சொல்ல, நான் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போவேன். "சீனி ஒரு கிலோ, பருப்பு கால் கிலோ, நெருப்புப்பெட்டி ரெண்டு." ஒழுங்கைப் பையன்கள் அதைக் குழப்புவதற்கென்றே மதிலில் இருப்பார்கள். "பருப்பு மூணு கிலோ! மண்ணெண்ணெய் நாலு போத்தல்!" என்று கத்துவார்கள். காதைப் பொத்திக்கொண்டு இன்னும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு ஓடுவேன். அதை அந்தக் காலத்தில் யாரும் பைத்தியம் என்று சொல்லவில்லை. கடைக்குப் போகிற பிள்ளை அப்படித்தான் போகும். என் ஒழுங்கையின் தொண்டையில்தான் எல்லாம் இருந்தது என்று மேலே எழுதினேன். அது முழு உண்மையல்ல. பாதி என் வாயிலும் இருந்திருக்கிறது.

அதன் பிறகு வீட்டில் அவள் முணுமுணுப்பை ஒட்டுக்கேட்பதே எனக்கு வேலை. சப்பாத்துக் கயிறு கட்டும்போது, புதிர்த் துண்டுகளைப் பொருத்தும்போது, தம்பி முறையான ஒருவன் வீட்டுக்கு வந்து அவளுடைய நிறப்பென்சிலை உடைத்தபோது. அன்று அவள் கையை ஓங்கினாள். ஓங்கிய கையைத் தானே பார்த்து, "அடிக்கிறல்ல மகள், அடிக்கிறல்ல" என்றாள். கை இறங்க மறுத்தது. மற்றக் கையால் பிடித்து இறக்கினாள்.

நோன்பு வந்தது. மூன்றாம் நோன்பு, சனிக்கிழமை. நம்மூர்ப் பிள்ளைகள் போல அரை நோன்பு பிடிக்கப் போவதாக அறிவித்தாள். ளுஹர் வரை, அதாவது நண்பகல் தொழுகை வரை. பதினொன்றரைக்குக் குளிர்சாதனப் பெட்டியின் முன்னால் கால்நீட்டி உட்கார்ந்துவிட்டாள். "விடு மகள், சின்னப் புள்ளைக்குக் கடமை இல்ல" என்றேன். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியின் கதவோடு கதைத்தாள்: "யோகட் எங்கயும் போகாது மகள். அது இஞ்சதான் இருக்கும். நீயும் இஞ்சதான் இருக்கிற. இன்னும் கொஞ்சம்." பாங்கு நேரம் வந்ததும் பேரீச்சம்பழத்தை எடுத்து, ஓதி, ஒரு கடி கடித்துவிட்டு, "முடிச்சிட்டன்!" என்று இரண்டு கையையும் தூக்கினாள். நானும் பர்ஸானாவும் கைதட்டினோம். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். அவரும் பாராட்டுகிறார் என்றாள் பர்ஸானா.

மார்ச் நடுப்பகுதியில் படிவம் வந்தது. முதலாம் வகுப்பு என்ற கட்டத்தில் ஆசிரியையின் ஒப்பம். கீழே என் ஒப்பம். பேனாவால், ஒரே முறையில்.

மே மாதத்தில் ஒருநாள், பேக்கரியில் பாண் வாங்கப் போனபோது கடவையில் அவளைத் தற்செயலாகக் கண்டேன். உதடு அசைந்தது, சத்தமில்லை. ஜூன் கடைசியில் மீண்டும் கண்டபோது உதடும் அசையவில்லை. நின்றாள், பார்த்தாள், போனாள். என் குரல் உள்ளே போய்விட்டது. கொஞ்சம் கவலை வந்ததை மறைக்கவில்லை. எங்கள் வீட்டில் அவள் தமிழ் கதைத்த இடம் அது ஒன்றுதானே என்று நினைத்தேன். அந்த நினைப்பு பிழை என்பது கல்முனைக்குடியில்தான் தெரிந்தது.

7

ஜூலை கடைசியில் ஊருக்குப் போனோம். எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு. உம்மாவின் வீடு இப்போது நஜீபா ராத்தாவின் வீடு. போய் நான்காம் நாள், திங்கள், காலை பத்து மணி. ராத்தா குசினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஹிபா மகள், இஞ்ச வாங்க. பெரிய றோட்டுக்கு அங்கால கடையில சீனி ஒரு கிலோ, தேயில ஒரு பக்கற், பிஸ்கட் ஒண்டு. சொல்லுங்க பாப்பம்."

ஹிபா திருப்பிச் சொன்னாள். நான் எழும்பிவிட்டேன்.

"ராத்தா, பெரிய றோட்டா? இஞ்ச ஒருத்தனும் நிப்பாட்ட மாட்டான். அங்க வலப்பக்கம் ஓடுற, இஞ்ச இடப்பக்கம். வாகனம் மத்தப் பக்கத்தால வரும். நான் போறன்."

ராத்தா இடுப்பில் கை வைத்தாள்.

"ஒரு வருசமா போன்ல என்ன பெரும! மகள் தனியப் போறா, மகள் தனியப் போறா எண்டு. சுவிஸ்ல நடக்கிற கால் கல்முனையில நடக்காதா? ஆறு வயசில உன்னை இந்தக் கடைக்கு அனுப்பினது ஆரு? நான்தான். நீ தேயிலைக்குப் பதிலா சவுக்காரம் கொண்டு வந்த."

"அண்டைக்கு றோட்டில இவ்வளவு வாகனம் இல்ல."

"அண்டைக்கு உனக்கு இவ்வளவு மூளையும் இல்ல. போகட்டும், விடு."

பர்ஸானாவைப் பார்த்தேன். அவள் தடுப்பாள் என்று நினைத்தேன். தடுக்கவில்லை. ஹிபா காசைக் கையில் பொத்திக்கொண்டு ஏற்கனவே வாசற்படலையைத் தாண்டியிருந்தாள்.

பின்னால் போனேன். இந்த முறை ஒளியவில்லை. ஒழுங்கை முனையில், வீதிக்குப் பத்தடி முன்னால், எல்லோரும் பார்க்க நின்றேன். அதற்கு மேல் போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாய்விட்டுத்தான்.

கடவையில் கோடுகள் பாதி அழிந்திருந்தன. ஹிபா விளிம்பில் நின்றாள். தனியார் பஸ் ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு போனது. இரண்டு ஓட்டோ. நெல் மூட்டையோடு ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம். அவள் பழக்கப்படி இடப்பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கம் வெறுமை. என் கால் ஒரு அடி முன்னால் போய்விட்டது.

அப்போது அவள் வாய் திறந்தது. ஜூன் மாதத்தில் உள்ளே போன குரல் வெளியே வந்தது. உரத்து.

"நில்லு மகள். இஞ்ச மத்தப் பக்கத்தால வாற. அங்கால பாரு முதல். மறுகா இஞ்சால. வீல் நிண்டிட்டா? இல்ல. நில்லு."

மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் விடை "இல்ல" என்பதுதான். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்து, கையை ஆட்டினார்.

"போ புள்ள, போ!"

சைக்கிள் மெல்ல உருண்டுகொண்டிருந்தது. ஹிபா சில்லைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

"உங்கட வீல் நிக்கல்ல."

அவர் திகைத்துப்போய் ஓரம் கட்டி நிறுத்தினார். "நீ ஆர்ட மகள்?"

ஹிபா திரும்பிப் பார்க்காமலேயே கையைப் பின்னால் நீட்டி என்னைக் காட்டினாள். நான் நிற்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தொட்டிக்குப் பின்னால் நின்ற காலத்திலும் தெரிந்திருக்கும்.

அவர் என்னைப் பார்த்துக் கத்தினார். "என்ன காக்கா, பார்த்துட்டு நிக்கிற? புள்ளையக் கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போங்களன்!"

வீதி ஓரத்தில் இரண்டு மூன்று பேர் திரும்பினார்கள். என் ஊர், என் ஆட்கள். இந்தக் கேள்விக்கு முன்னால் என் கை எப்போதும் தானாக அசையும். அன்று அதை மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன்.

"அவ பார்ப்பா," என்றேன்.

ஹிபா இன்னொரு முறை இரு பக்கமும் பார்த்தாள். பிறகு விளிம்பிலிருந்து ஒரு அடி பின்னால் வைத்தாள். என்னிடம் வரவில்லை. உதடு அசைய ஏதோ கணக்குப் போட்டாள். திரும்பி, இந்தப் பக்கமாகவே, சுவரோரம் நடந்தாள். நாற்பது அடிக்கு அப்பால் ஒரு சின்னக் கடை இருந்தது. தொங்கவிட்ட வாழைக்குலைக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள். ஐந்து நிமிடத்தில் ஒரு பையோடு வெளியே வந்தாள். என்னைக் கடந்து, எனக்கு முன்னால், வீட்டுக்கு நடந்தாள்.

ராத்தா பையைத் திறந்தாள். சீனி, தேயிலை, பிஸ்கட். பக்கற்றில் இருந்த கடையின் முத்திரையைப் பார்த்தாள்.

"இது இஞ்சால கடையாச்சே. நான் அங்கால கடைக்குத்தானே போகச் சொன்ன!"

"நீங்க சீனிதான் மாமி கேட்ட," என்றாள் ஹிபா, முழுக்கத் தமிழில். "அங்கால வீல் ஒண்டும் நிக்கல்ல. சீனி இஞ்சாலயும் இருக்கு."

ராத்தா பையை மேசையில் வைத்துவிட்டு அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். பர்ஸானா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள்.

"அல்லாஹ்வே," என்றாள் ராத்தா கடைசியில். "இப்பிடிச் செய்யச் சொல்லி உனக்கு ஆரு சொல்லித் தந்த? வாப்பாவா?"

பொலிஸ்காரர் சொன்னது கடவையில் நிற்க. நான் சொன்னதும் அதேதான். நிற்பதா, திரும்புவதா, வேறு கடை பார்ப்பதா என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

"ஒருத்தரும் சொல்லல்ல," என்றாள் ஹிபா, பிஸ்கட் பக்கற்றைப் பிரித்தபடி. "நான்தான் எனக்குச் சொன்ன."

அறைக்குப் போய்க் கொப்பியை எடுத்தேன். திங்கள். புறப்பட்டது பத்து ஆறு. திரும்பியது பத்து இருபத்தைந்து. வெயில், கடற்காற்று. யாருடன் என்ற நிரலில், ஒரு வருடப் பழக்கத்தில், தனியே என்று எழுதினேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். அது சரியில்லை. ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டு, மேலே எழுதினேன்: தன்னோடு.